கேட்காமல் விட்ட கேள்வி

எழுபத்தாறு வயதான என் அத்தைக்கு ஒரு கொள்கை உண்டு. 'தொடரும்' என்று போட்ட எதையும் பாதியில் விடக் கூடாது. அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளை வாரா வாரம் கிழித்தெடுத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு, கோணி ஊசியால் தைத்து வைத்தவள் அவள். பத்திரிகை ஒரு நாள் தாமதமாக வந்தால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது என்று அப்பா கேலி செய்வார்.

அப்படிப்பட்ட அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சென்ற மாதம் ஓர் அமெரிக்க டெலிவிஷன் தொடரை முழுவதும் பார்த்து முடித்தேன். பொழுது போகாமல் அல்ல, ஆபீஸ் வேலைதான். "இப்போதெல்லாம் கற்பனைக் கொலையைவிட நிஜக் கொலைக்குத்தான் மவுசு. அமெரிக்காவில் ஒரு கோடீசுவரரைப் பற்றிய படம் பிரமாதமாக ஓடியதே, அதைப் பார்த்து நாலு பக்கம் எழுதுங்கள். நம் வாசகிகள் ரசிப்பார்கள்" என்று ஆசிரியர் சொல்லியிருந்தார்.

முருங்கைக் கீரையும் முறமுமாக அத்தை வந்து உட்கார்ந்தாள். "அவங்க பேசற இங்கிலீஷ் எனக்கு எங்கே புரியப் போவுது? நீ சொல்லிக்கிட்டே வா, நான் ஆய்ஞ்சுக்கிட்டே கேக்கறேன்" என்றாள்.

படத்தின் பெயர் 'தி ஜிங்க்ஸ்'. போகிற இடமெல்லாம் தன் துரதிருஷ்டத்தையும் தூக்கிக்கொண்டு போகிறவனை நம் ஊரில் 'ராசியில்லாதவன்' என்போமே, ஏறக்குறைய அதுதான் அர்த்தம். 2015-ஆம் வருஷம் பிப்ரவரி 8 முதல் மார்ச் 15 வரை, ஞாயிறு தோறும் ஒரு பாகமாக, எச்.பி.ஓ. நிறுவனம் ஆறு பாகங்களை ஒளிபரப்பியது. எடுத்தவர் ஆண்ட்ரூ ஜரக்கி என்ற டைரக்டர். கதாநாயகர்... இந்த வார்த்தையை எழுதிவிட்டு அடித்தேன். அடித்த காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். படம் யாரைப் பற்றியதோ அவர் பெயர் ராபர்ட் டர்ஸ்ட்.

நியூயார்க் நகரின் வானளாவிய கட்டடங்களில் பல டர்ஸ்ட் குடும்பத்துக்குச் சொந்தம். தையல் தொழிலாளியாக அமெரிக்காவுக்கு வந்து இறங்கிய பாட்டனார் தொடங்கிய சொத்து அது. 1943-இல் பிறந்த ராபர்ட் தலைமகன். ஏழு வயதில் தாயைப் பறிகொடுத்தவர். வீட்டுக் கூரையிலிருந்து விழுந்து அந்த அம்மாள் இறந்து போனாள். வளர்ந்த பிள்ளைக்குப் பணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் 1994-இல் தகப்பனார் நிர்வாகத்தை இளைய மகன் கையில் கொடுத்தபோது, மூத்தவர் குடும்பத்தோடு முறித்துக்கொண்டு வெளியேறினார்.

அவரைச் சுற்றி மூன்று பேர் மறைந்தார்கள். 1982 ஜனவரி 31-ஆம் தேதி இரவு அவருடைய மனைவி காணாமற் போனாள். 2000 டிசம்பர் 24-ஆம் தேதி அவருடைய நெடுநாள் சிநேகிதி, எழுத்தாளர் சூசன் பெர்மன், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தம் வீட்டிலேயே சுடப்பட்டுக் கிடந்தார். 2001-இல் டெக்ஸஸ் மாகாணத்துக் கடற்கரை ஊரான கால்வெஸ்டனில் மாரிஸ் பிளாக் என்ற எழுபத்தொரு வயதுக் கிழவரின் உடல், துண்டு துண்டாக, பைகளில் கட்டிக் கடலில் மிதந்தது. கிழவரின் பக்கத்துப் போர்ஷனில் ஓர் ஊமைப் பெண் வாடகைக்கு இருந்தாளாம். அந்த ஊமைப் பெண் வேறு யாருமில்லை. பொய்த் தலைமயிர் வைத்துக்கொண்ட ராபர்ட் டர்ஸ்ட்தான்!

"அட பாவி!" என்றாள் அத்தை. கீரை ஆய்வது நின்றுவிட்டது.

கைதானவர் மறுநாளே ஜாமீன் பணம் கட்டிவிட்டு வெளியே வந்து தலைமறைவானார். நாடெங்கும் தேடினார்கள். கடைசியில் பென்சில்வேனியா மாகாணத்தில் ஒரு பலசரக்குக் கடையில் அகப்பட்டார். கோழிக்கறி வைத்த சாண்ட்விச் ஒன்றைத் திருடும்போது! சட்டைப் பையில் ஐந்நூறு டாலர் இருந்தது.

"கோடீசுவரன் ரொட்டித் துண்டு திருடினானா?" என்று அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். நேயர்களும் சிரித்திருப்பீர்கள். இந்தச் சிரிப்பைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கால்வெஸ்டன் வழக்கு 2003-இல் நடந்தது. பெயர் பெற்ற வக்கீல்கள் வந்தார்கள். கிழவர் துப்பாக்கியுடன் வந்தார், கைகலப்பில் அது வெடித்தது, பயத்தினால் உடலை வெட்டி அப்புறப்படுத்தினேன் என்பது டர்ஸ்டின் வாதம். தலை அகப்படவே இல்லை. குண்டு எங்கே எப்படிப் பாய்ந்தது என்று சொல்ல சாட்சியமும் இல்லை. தற்காப்புக்காகச் செய்ததாகக் கொண்டு ஜூரிகள் அவரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டார்கள்.

"பணம் பாதாளம் மட்டும் பாயும்னு சும்மாவா சொன்னாங்க?" என்று அத்தை முறத்தை உதறிக்கொண்டு எழுந்தாள்.

* * *

இதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். 2010-இல் ஜரக்கி, டர்ஸ்டின் வாழ்க்கையைத் தழுவி, பெயர்களை மாற்றி ஒரு சினிமா எடுத்தார். அதைப் பார்த்த டர்ஸ்ட் வழக்குப் போடவில்லை. தாமே டைரக்டரைக் கூப்பிட்டு, "நான் பேட்டி கொடுக்கிறேன்" என்றார்! வக்கீல்கள் தலையில் அடித்துக்கொண்டும் கேட்கவில்லை. இருபது மணி நேரத்துக்கு மேல் காமிராவின் முன் உட்கார்ந்து பேசினார். கண்ணைக் கொட்டிக் கொட்டி, நிறுத்தி நிதானமாக, நடுநடுவே ஹாஸ்யமாக.

அந்தச் சமயத்தில் கொலையுண்ட சூசனுடைய பழைய பெட்டிகளில் ஒரு கடிதம் அகப்பட்டது. 1999-இல் டர்ஸ்ட் சூசனுக்கு எழுதியது. கடிதத்தைவிட அதன் உறைதான் முக்கியம். சூசன் கொலையானபோது, வீட்டு விலாசத்தையும் 'பிணம்' என்ற ஒரு வார்த்தையையும் மட்டும் எழுதிப் போலீஸாருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்திருந்தது. அதில் 'பெவர்லி ஹில்ஸ்' என்ற ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து அதிகம். 1999-ஆம் வருஷத்து உறையிலும் அதே கட்டை எழுத்து. அதே இடத்தில் அதே எழுத்துப் பிழை!

இரண்டாவது பேட்டியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார் ஜரக்கி. எது உம்முடைய எழுத்து, எது இல்லை, சொல்லும் என்கிறார். டர்ஸ்டால் சொல்ல முடியவில்லை. ஏப்பம் ஏப்பமாக வருகிறது. பேட்டி முடிந்து குளியலறைக்குள் போகிறார். சட்டையில் மாட்டிய மைக்கைக் கழற்ற மறந்துவிட்டார். உள்ளே தமக்குத்தாமே முணுமுணுக்கிறார். எல்லோரையும் கொன்றதாக அவர் வாயாலேயே வருகிற வார்த்தைகளோடு ஆறாவது பாகம் முடிகிறது.

அந்தப் பாகம் ஒளிபரப்பாவதற்கு முதல் நாள், 2015 மார்ச் 14 அன்று, நியூ ஆர்லியன்ஸ் நகர ஹோட்டல் ஒன்றில் டர்ஸ்ட் கைதானார். பொய்ப் பெயரில் அறை எடுத்திருந்தார். துப்பாக்கியும் முகமூடியும் கட்டுக் கட்டாகப் பணமும் கூடவே இருந்தன. தவளை தன் வாயால் கெடும் என்பது அமெரிக்கத் தவளைக்கும் பொருந்தும் போலிருக்கிறது!

பத்திரிகைக்காரி என்ற முறையில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும. அந்தக் குளியலறைப் பேச்சின் முழு விவரம் 2019-இல் வழக்கின் மூலம் வெளிவந்தது. படத்தில் அடுத்தடுத்து ஒலிக்கும் கடைசி இரண்டு வாக்கியங்களும் அவர் வாயிலிருந்து அந்த வரிசையில் வரவில்லை. வார்த்தைகள் அவருடையவைதான், கோத்தது எடிட்டிங் மேஜை. எந்த வரியில் 'தொடரும்' போட்டால் வாசகருக்குத் தூக்கம் வராது என்பது எங்களுக்கும் தெரிந்த வித்தைதானே!

* * *

கட்டுரையை எழுதிவிட்டேன். நாலு பக்கம். சாண்ட்விச் இருந்தது, ஊமைப் பெண் வேஷம் இருந்தது, எழுத்துப் பிழை இருந்தது, ஏப்பம்கூட இருந்தது. நன்றாக வந்திருப்பதாகவே எனக்கு அபிப்பிராயம். அத்தைக்குப் படித்துக் காட்டினேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டவள், முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தப் பொண்ணு பேரு என்ன?"

"எந்தப் பொண்ணு அத்தை? சூசன்தானே?"

"அதைத்தான் நீ படிச்சியே. அவன் பொண்டாட்டி."

"கேத்லீன்."

"நீ எழுதினதுலே அந்தப் பேரு வரவே இல்லையே!"

தாள்களைப் புரட்டினேன். 'மனைவி' என்று நாலு இடத்தில், 'காணாமற்போன மனைவி' என்று இரண்டு இடத்தில், 'முதல் மனைவி' என்று ஓர் இடத்தில். கேத்லீன் என்று ஓரிடத்திலும் இல்லை. மேலே நீங்கள் படித்தீர்களே, அது அந்தக் கட்டுரையின் சுருக்கம்தான். அதிலும் இல்லை, பாருங்கள். திருடின சாண்ட்விச்சுக்கு இடம் கண்டுபிடித்த எனக்கு அவள் பெயருக்கு இடம் கிடைக்கவில்லை. 'கதாநாயகர்' என்று எழுதி அடித்தேன் என்றேனே, அடித்தது அப்போதுதான்.

ஆகவே கதையை மறுபடியும் சொல்கிறேன். இந்தத் தடவை அவள் பக்கத்திலிருந்து.

* * *

கேத்லீன் மக்கார்மக் 1952-இல் பிறந்தவள். ஐந்து குழந்தைகளில் கடைக்குட்டி. பல் வைத்தியர்களிடம் உதவியாளாக வேலை பார்த்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தபோது டர்ஸ்டைச் சந்தித்தாள். வெர்மான்ட் என்ற மலைநாட்டுப் பிரதேசத்தில் இருவருமாக ஓர் இயற்கை உணவுக் கடை நடத்தினார்கள். 1973 ஏப்ரல் 12-ஆம் தேதி, டர்ஸ்டின் முப்பதாவது பிறந்த நாளன்று கல்யாணம். அவளுக்கு இருபது வயது.

பெரிய இடத்து மருமகள் படிப்பை விடவில்லை. நர்ஸ் படிப்பு முடித்தாள். அதோடு நிற்காமல் டாக்டர் படிப்பில் சேர்ந்தாள். குழந்தை வைத்தியராக வேண்டும் என்பது ஆசை. 1982 ஜனவரியில் அவள் கடைசி வருஷ மாணவி. பட்டம் வாங்க இன்னும் சில மாதங்களே பாக்கி.

வெளியிலிருந்து பார்த்தால் பென்ட்ஹவுஸ் வீடு, ஏரிக்கரையில் இன்னொரு வீடு. உள்ளே நடந்தது வேறு. சண்டையும் அடியும் தள்ளுமுள்ளுமாகத்தான் வாழ்க்கை இருந்தது என்று டர்ஸ்டே பேட்டியில் வெகு சாதாரணமாகச் சொல்கிறார். விவாகரத்துக்கு அவள் ஒரு தொகை கேட்டபோது கடன் அட்டையை ரத்துச் செய்தார். பாங்கியில் கூட்டுக் கணக்கிலிருந்து அவள் பெயரை எடுத்தார். காலேஜ் சம்பளம் கட்ட மறுத்தார். காணாமற் போவதற்குச் சில வாரங்களுக்கு முன் முகத்தில் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். தனக்கு ஏதாவது நேர்ந்தால் கணவரை விசாரிக்கச் சொல்லுங்கள் என்று தோழிகளிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

"தனக்கு வர்றது அவளுக்கே தெரிஞ்சிருக்கு, பாரு" என்றாள் அத்தை.

ஜனவரி 31 ஞாயிற்றுக்கிழமை. தோழி வீட்டு விருந்துக்குப் போன கேத்லீன், மாலையில் ஏரிக்கரை வீட்டுக்குத் திரும்பினாள். இரவு நியூயார்க் போகும் ரயிலில் ஏற்றிவிட்டேன் என்பது டர்ஸ்டின் வாக்குமூலம். அன்றிரவே டெலிபோனில் அவளோடு பேசியதாகவும் சொன்னார். மறுநாள் காலேஜ் டீனுக்கு ஒரு பெண் குரல் டெலிபோன் செய்து, 'நான் கேத்லீன், உடம்பு சரியில்லை, வர முடியவில்லை' என்றது. போலீஸில் கணவர் புகார் கொடுத்தது எப்போது தெரியுமா? ஐந்து நாட்கள் கழித்து.

சீமான் வீட்டுப் பிள்ளை சொன்னதை வைத்துக்கொண்டு போலீஸார் நியூயார்க் நகருக்குள்ளேயே தேடினார்கள். கடைசியாக அவள் இருந்த ஏரிக்கரை வீட்டை அப்போது யாரும் சோதனை போடவில்லை. அந்த வீட்டுக் குப்பையைக் கிளறிப் பார்த்தவர்கள் அவளுடைய சிநேகிதிகள்! பிரிக்காத கடிதங்களும் அவளுடைய சாமான்களும் அங்கே எறியப்பட்டுக் கிடந்தன. பல வருஷம் கழித்து, காமிராவின் முன் உட்கார்ந்து, அன்றிரவு டெலிபோனில் பேசியதாகச் சொன்னது பொய் என்று டர்ஸ்ட் ஒப்புக்கொள்கிறார். ஏன் பொய் சொன்னீர்கள் என்றால், போலீஸார் தம்மைச் சும்மா விட வேண்டும் என்பதற்காகவாம். பொய் வேலை செய்தது. பதினெட்டு வருஷம் சும்மாதான் விட்டார்கள்.

அந்த டெலிபோன் குரல் சூசனுடையது என்பதுதான் பிற்பாடு சர்க்கார் தரப்பு வழக்கின் அஸ்திவாரம். 2000-இல் கேத்லீன் விவகாரத்தைப் போலீஸார் மறுபடியும் கையில் எடுத்தார்கள். சூசன் வாய் திறந்துவிடக் கூடாதே என்று அவளைத் தீர்த்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. கால்வெஸ்டனில் ஊமைப் பெண்ணாக ஒளிந்ததும் அந்த விசாரணைக்குப் பயந்துதான். அந்த ஒளிவிடத்தின் பக்கத்துப் போர்ஷனில்தான் மாரிஸ் பிளாக் குடியிருந்தார்.

நான் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அத்தை பேசவில்லை. பிறகு, "அந்தத் தலைமயிர் சமாசாரத்தை விட்டுட்டியே" என்றாள்.

ஆம், அதையும் விட்டுத்தான் விட்டேன். படத்தில் இரண்டு நிமிஷம்கூட வராத சம்பவம் அது. கேத்லீனின் அண்ணன் சொல்கிறார். தாய் வீட்டில் எல்லோரும் கூடியிருந்த ஒரு நாள். புறப்படு என்கிறார் மாப்பிள்ளை. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே என்கிறாள் கேத்லீன். அத்தனை பேர் கண் முன்னாலும் அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார். தாய் வீட்டுக் கூடம்; உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்கள். அவள் போய்விட்டாள். அன்று தடுக்காமல் போனோமே என்ற பாரம் அந்த அண்ணனின் குரலில் இத்தனை வருஷம் கழித்தும் இறங்கவில்லை.

அந்தக் காட்சி வந்த அன்று, படத்தை நிறுத்து என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். முதுகு வலி என்று நினைத்தேன்.

* * *

இப்போது அத்தை சொன்னாள். அவளுடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

1978 தீபாவளி. மாயவரத்தில் புகுந்த வீடு. பெரிய கூடத்தில் வாழையிலை போட்டு, மாமனார், மைத்துனர்மார், விருந்தாளிகள் என்று பதினான்கு பேர் பந்தியில். அத்தையும் ஓரகத்தியும் பரிமாறுகிறார்கள். ஓரகத்திக்கு வயது இருபத்திரண்டு. கல்யாணமாகி இரண்டு வருஷம். சாம்பார் கொஞ்சம் சிந்திக் கணவரின் புது வேஷ்டியில் பட்டுவிட்டது. உட்கார்ந்தபடியே அவர் ஓங்கி ஓர் அறை விட்டார். வாளி கீழே விழுந்து உருண்டது.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ முந்தானையாலே முகத்தை மூடிக்கிட்டு உள்ளே போயிட்டா. கூடம் ஒரு நிமிஷம் கப்சிப்னு ஆச்சு. மாமனார், 'ம், ஆகட்டும்'னார். யாரோ மழையைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. நான் தரையைத் துடைச்சேன். துடைச்சுட்டு..."

அத்தை நிறுத்தினாள்.

"துடைச்சுட்டு, அவருக்கு ரசம் போட்டேன். 'இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா'ன்னு வேற கேட்டேன்."

நான் என்ன சொல்ல முடியும்? "அந்தக் காலம் அப்படி அத்தை, நீங்க மட்டும் என்ன பண்ணியிருக்க முடியும்?" என்றேன்.

"அப்படித்தான் நானும் நினைச்சுக்கிட்டிருந்தேன். அவரைத் தடுத்திருக்க முடியாது, சரி. ஆனா உள்ளே போய், 'வலிக்குதா?'ன்னு அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லே? அதுக்கு யாரு காலம் குறுக்கே வந்தது? ராத்திரி ரெண்டு பேரும் சேர்ந்துதான் பாத்திரம் தேய்ச்சோம். கன்னம் வீங்கியிருந்தது. நான் நாளைக்கு என்ன சமையல்னு பேசினேன்."

அறைந்த மைத்துனர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. ஓரகத்தி திருச்சியில் மகனோடு இருக்கிறாள். இத்தனை நாளில் அத்தையும் அவளும் எவ்வளவோ கல்யாணங்களில் சந்தித்துப் பேசியிருக்கிறார்கள். அந்தத் தீபாவளியைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

கொலைகாரர்கள் ஆயிரத்தில் ஒருவர். ஊமைப் பெண்ணாக வேஷம் போடுகிற கோடீசுவரர்கள் கோடியில் ஒருவர். அதனால்தான் அவர்களைப் பற்றிய கதை நமக்கு இனிக்கிறது. நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்ற தைரியத்தில் சாண்ட்விச்சுக்குச் சிரிக்க முடிகிறது. ஆனால் அந்தக் கூடம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. ஒருத்தி அடிபடும்போது மழையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிற ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். 2024-இல் இந்தத் தொடரின் இரண்டாம் பகுதி இன்னும் ஆறு பாகங்களாக வந்தது. அதில் பெரும் பங்கு டர்ஸ்டைவிட அவரைச் சுற்றியிருந்தவர்களைப் பற்றியது. தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தவர்கள், சிநேகத்துக்காக மறைத்தவர்கள் எத்தனை பேர் என்று காட்டுகிறது. ஒரு கோடீசுவரருடைய பணம் மட்டும் அவரைக் காப்பாற்றவில்லை. பக்கத்தில் இருந்தவர்களின் மரியாதையும் சேர்ந்துதான் காப்பாற்றியது.

* * *

'முடிவு என்ன ஆயிற்று?' என்று கேட்பீர்கள். 'தொடரும்' போடாமல் சொல்லிவிடுகிறேன்.

சூசன் கொலை வழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் கோர்ட்டில் 2020 மார்ச்சில் தொடங்கியது. கொரோனாவினால் நின்று, ஓராண்டுக்குப் பிறகு தொடர்ந்தது. டர்ஸ்ட் தாமே கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். அந்த மொட்டைக் கடிதத்தை எழுதியது தாம்தான் என்றும், ஆனால் கொல்லவில்லை என்றும் சாதித்தார். 2021 செப்டம்பர் 17 அன்று ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றார்கள். அடுத்த மாதம் ஆயுள் தண்டனை. வெளியே வரவே முடியாத ஆயுள் தண்டனை. நவம்பரில் கேத்லீனைக் கொன்றதாகவும் நியூயார்க் மாகாணத்தில் குற்றம் சாட்டப்பட்டது. முப்பத்தொன்பது வருஷங்கள் கழித்து!

அந்த வழக்கு நடக்கவே இல்லை. 2022 ஜனவரி 10-ஆம் தேதி, எழுபத்தெட்டாவது வயதில், காவலில் இருக்கும்போதே டர்ஸ்ட் இறந்து போனார். அப்பீல் முடிவதற்கு முன் இறந்ததால், கலிபோர்னியா சட்டப்படி சூசன் வழக்கின் தீர்ப்பும் ரத்தாகிவிட்டது. சட்டத்தின் கணக்கில் அவர் பெயரில் கொலைத் தீர்ப்பு ஒன்றும் இல்லை.

கேத்லீனின் உடல் அகப்படவில்லை. அவள் இறந்துவிட்டாள் என்று கோர்ட் அறிவித்ததே 2017-இல்தான். கடைக்குட்டியை இழந்த தாயார் நூறு வயதையும் தாண்டி இருந்துவிட்டு, அதற்கு முந்திய வருஷம் கண்ணை மூடினாள். மகளுக்கு ஒரு கல்லறை எழுப்பக்கூட அந்த அம்மாளுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

"கோர்ட்டு எழுதினதைக் கோர்ட்டே அழிச்சிடுச்சு. அப்ப மிச்சம் என்னதான் இருக்கு?" என்றாள் அத்தை.

எனக்குப் பதில் தெரியவில்லை. குப்பையைக் கிளறிய அந்தச் சிநேகிதிகள் நினைவுக்கு வந்தார்கள். அதிகாரமும் பணமும் இல்லாதவர்கள். அவள் எங்கே என்று முதலில் கேட்டவர்களும், விடாமல் கேட்டவர்களும் அவர்கள்தான்.

நான் என் நாலு பக்கத்தையும் கிழித்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தேன். அத்தை என் டெலிபோனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

முதலில் முருங்கைக் கீரை, முழங்கால் வலி, பேரன் படிப்பு. பிறகு கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு தணிந்த குரலில், "அந்தத் தீபாவளிக்கு... மாயவரத்துலே... உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று அத்தை கேட்பது காதில் விழுந்தது. நான் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளே வந்தவளின் கண்கள் சிவந்திருந்தன. "என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"'இத்தனை வருஷம் கழிச்சு இதைக் கேக்கறியாக்கா?'ன்னு சிரிச்சா. அப்புறம் அழுதா. அன்னிக்கு அடுக்களையிலே கதவுக்குப் பின்னாலே நின்னுக்கிட்டிருந்தாளாம். யாராவது ஒருத்தர் உள்ளே வருவாங்கன்னு பார்த்துக்கிட்டே நின்னாளாம். என் கொலுசுச் சத்தம் கேட்டுதாம். நான்தான் வர்றேன்னு நினைச்சாளாம். நான் ரசச் செம்பை எடுத்துக்கிட்டுத் திரும்பிட்டேனாம்."

அத்தை முறத்தை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"வியாழக்கிழமைக்குத் திருச்சிக்கு ஒரு டிக்கெட் போடு. பகல் வண்டியிலே போடு. பத்து நாள் அங்கே இருந்துட்டு வர்றேன்."